பூசணக் கடலை: வறுத்தாலும் போகாத நஞ்சு

கேள்வி:

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். இரண்டரை ஏக்கரில் மானாவாரிக் கடலை. ஆடியில் விதைத்து ஐப்பசியில் பிடுங்கினோம். பிடுங்கிப் போட்ட மறுநாள் பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. காயை ஆய்ந்து களத்தில் அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். திறந்தபோது உள்ளே சூடும் முக்கல் நாற்றமுமாக இருந்தது. காயவைத்து 14 மூட்டை கட்டினோம். அதில் 6 மூட்டை கருத்துப்போய்ப் பச்சைப் பூசணமாக இருக்கிறது. வியாபாரி அதைப் பாதி விலைக்குக் கேட்கிறார். விவசாயக் கூட்டத்தில் ஒருவர், "பூசணக் கடலையில் இருக்கும் விஷம் மரபணுவில் ஒட்டிக்கொள்ளும், புற்றுநோய் வரும்" என்றார். மாமியாரோ நன்றாக வறுத்தால் எல்லாம் போய்விடும் என்கிறார். இரண்டு வாரமாகப் பிள்ளைகளும் வறுத்துத் தின்றார்கள். செக்கில் ஆட்டி எண்ணெய் எடுக்கலாமா? பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா? இன்னொன்று, என் வீட்டுக்காரர் போன வருடம் இரத்ததானம் செய்யப் போனபோது மஞ்சள் காமாலை பி கிருமி இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்:

வணக்கம் அம்மா. முதலில் பிள்ளைகள் விஷயம். இரண்டு வாரம் தின்றுவிட்டார்களே என்று பதற வேண்டாம். ஈரலை உடனடியாகக் கெடுக்கும் அளவுக்கு நஞ்சு ஏறியிருந்தால் அது இதற்குள் வெளியே தெரிந்திருக்கும். பசி அற்றுப்போவது, வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள், சிறுநீர் கடுமஞ்சளாகப் போவது, வயிறோ காலோ வீங்குவது ஆகியவைதான் அடையாளம். இதில் ஒன்று இருந்தாலும் இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எதுவும் இல்லையென்றால் அந்தக் கடலையை இன்றோடு நிறுத்திவிட்டால் போதும். 1974ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கணக்கானோர் காமாலையில் விழுந்தார்கள், 100 பேருக்கு மேல் இறந்தார்கள். 2004ல் கென்யாவில் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். அவர்கள் எல்லோரும் அந்தத் தானியத்தையே மூன்று வேளைச் சோறாக வாரக்கணக்கில் உண்டவர்கள். உங்கள் பிள்ளைகள் மாலையில் கொறித்த கைப்பிடிக் கடலை அந்தக் கணக்கில் வராது.

வீட்டுக்காரர் விஷயம் அப்படியல்ல. அவர் வாயில் இந்தக் கடலையில் ஒரு பருப்புகூடப் போகக் கூடாது. ஏன் என்பதற்கான விடை, கூட்டத்தில் நீங்கள் கேட்ட அந்த "ஒட்டிக்கொள்ளும்" என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அவர் சொன்னது உண்மை, ஆனால் பாதிதான். மீதியும் தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நீங்களே பிரித்துப் பார்க்க முடியும்.

உங்கள் காயில் பூத்திருக்கும் மஞ்சள் கலந்த பச்சைப் பூசணத்தின் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது கக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தபோது, தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கைத் துருவிப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். இதில் பல வகை உண்டு. மிகக் கொடியது பி1. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள்களில் அஃப்ளாடாக்சினும் ஒன்று.

இந்த பி1 நாம் விழுங்கும்போது மரபணுவில் ஒட்டும் நிலையில் இருப்பதில்லை. ஒட்டும் குணத்தை அதற்குக் கொடுப்பது நம் ஈரல். தண்ணீரில் எளிதில் கரையாத அந்நியப் பொருள் எது வந்தாலும் அதைக் கரையும்படி மாற்றி வெளியே தள்ளுவது ஈரலின் வேலை. அதற்காக ஈரலின் நொதிகள் பி1 மேல் ஓர் ஆக்சிஜனை ஏற்றுகின்றன. அப்படி ஏறிய ஆக்சிஜன் இரண்டு கார்பன்களோடு சேர்ந்து இறுக்கமான முக்கோணமாக உட்காருகிறது. இழுத்துக் கட்டிய வில் மாதிரி, எப்போது அவிழ்வோம், எதைப் பற்றுவோம் என்றே நிற்கும் அமைப்பு அது. எபாக்சைடு என்பார்கள். உடம்பின் நீரில் அதன் ஆயுள் ஒரு நொடி அளவுதான். அந்த ஒரு நொடிக்குள் அது தண்ணீரோடு சேர்ந்து அடங்கிப் போகலாம். ஈரலில் இருக்கும் குளுட்டதயோன் என்ற பொருள் அதைப் பிடித்துக் கட்டி வெளியேற்றலாம். இரண்டுக்கும் தப்பியது செல்லின் கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏவை, அதாவது மரபணுக்கள் எழுதப்பட்டிருக்கும் இழையை, பிடித்துக்கொள்ளும். ஒரு நொடியே உயிரோடிருப்பதால் அது பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போக முடியாது. கடலை வயிற்றில் விழுந்தாலும் புற்று ஈரலில் வருவதற்கு இதுவே காரணம்.

டிஎன்ஏவில் எழுத்துகள் நான்கு: ஏ, டி, ஜி, சி. பி1 தட்டையான மூலக்கூறு. அடுக்கிய எழுத்துகளுக்கு நடுவே சீட்டுக்கட்டில் சீட்டுச் செருகுவதுபோல் நுழைந்து, ஜி என்ற குவானின் எழுத்தின் ஏழாம் எண் நைட்ரஜனில் பிணைந்துகொள்கிறது. இது அழுக்குப் படிவது போன்றதல்ல, முழுமையான வேதிப் பிணைப்பு. தண்ணீர் குடித்தோ கசாயம் குடித்தோ கழற்ற முடியாது. சில பிணைப்புகள் அந்த ஜி எழுத்தையே பிய்த்துக்கொண்டு உதிர்ந்து சிறுநீரில் வந்துவிடும். உதிர்ந்த இடத்தில் ஓட்டை. சில, எழுத்தின் வளையத்தையே பிளந்து உருமாறி அங்கேயே நாள்கணக்கில் தங்கிவிடும். தங்குவதுதான் அதிகம் கெடுப்பது.

இதுவரை நடந்தது ஒட்டல் மட்டுமே. இதைச் செல்லால் சரிசெய்ய முடியும். எழுத்து ஒட்டிப்போன இடத்தைக் கண்டுபிடித்து, அந்தத் துண்டை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, டிஎன்ஏவின் ஜோடியான எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதிவைக்கும் பழுதுபார்ப்புப் படை ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. பட்டாப் பதிவேட்டில் ஓர் எழுத்தின் மேல் புளி ஒட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நகல் எடுப்பதற்கு முன் துடைத்துவிட்டால் பட்டாவுக்குக் கேடில்லை. துடைப்பதற்குள் ஒருவர் நகல் எடுக்க வந்து, மறைந்த எழுத்தைத் தப்பாகப் படித்து வேறெழுத்தாக எழுதிவிட்டால்? பிறகு புளியைத் துடைத்துப் பயனில்லை. அந்த நகலிலிருந்து எடுக்கும் எல்லா நகலிலும் அந்தத் தப்பே சரி என்று ஏறிக்கொண்டு போகும். செல் இரண்டாகப் பிரியும்போது நடப்பது இந்த நகலெடுப்பு. பி1 ஒட்டிய ஜி இருந்த இடத்தில் பெரும்பாலும் டி எழுதப்படுகிறது.

ஆயிரம் எழுத்தில் ஒன்று மாறினால் என்ன என்று தோன்றலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பி53 என்று ஒரு மரபணு இருக்கிறது. கெட்டுப்போன செல்லைப் பெருக விடாமல் நிறுத்துவது அதன் வேலை. மூன்று எழுத்து சேர்ந்தது ஒரு சொல். அதன் 249ஆவது சொல்லில் ஏஜிஜி என்று இருக்க வேண்டியது ஏஜிடி ஆகிவிட்டால் காவல் போய்விடும். அஃப்ளாடாக்சின் அதிகம் உண்ட ஆப்பிரிக்க, சீனப் பகுதிகளில் ஈரல் புற்றுக்கட்டிகளைச் சோதித்தபோது இந்த ஒரே எழுத்துப் பிழை திரும்பத் திரும்பக் கிடைத்தது. விரல்ரேகை விட்டுப் போன திருடன் மாதிரி, கட்டியைப் பார்த்தே எந்த நஞ்சு வந்து போனது என்று சொல்ல முடிகிற அபூர்வமான இடம் இது.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். நல்ல ஈரலில் செல்கள் அடிக்கடி பிரிவதில்லை. ஆகவே ஒட்டியதைத் துடைக்கப் பழுதுபார்ப்புப் படைக்கு நேரம் கிடைக்கிறது. ஹெபடைட்டிஸ் பி, அதாவது நீங்கள் சொன்ன மஞ்சள் காமாலை பி கிருமி, குடியிருக்கும் ஈரலில் செல்கள் செத்துக்கொண்டே இருக்கும், அந்த இடத்தை நிரப்பப் புதுச் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். துடைப்பதற்கு முன்பே நகல் எடுக்கப்படுகிறது. போதாததற்கு அந்தக் கிருமி தன் டிஎன்ஏவையும் நம்முடையதற்குள் செருகி வைக்கிறது. சீனாவின் ஷாங்காயில் 18,000க்கும் மேற்பட்ட ஆண்களை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. சிறுநீரில் அஃப்ளாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு. பி கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 7 மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட 60 மடங்கு. மூன்றும் ஏழும் கூட்டினால் பத்து, பெருக்கினாலும் இருபத்தொன்றுதான். இரண்டு கேடும் ஒன்றுக்கொன்று கை கொடுத்தால்தான் அறுபது வரும். நீங்கள் கேட்ட சம்பந்தம் இதுதான்.

இதிலேயே நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அதே சீனாவில் சிதோங் என்ற பகுதி மக்கள் பூசணம் பிடிக்கும் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறியபின், பி கிருமித் தடுப்பூசி போட்ட தலைமுறை வளர்ந்து வருவதற்கு முன்னாலேயே, ஈரல் புற்றுச் சாவுகள் பெரிய அளவில் குறைந்தன. கிருமியை உடம்பிலிருந்து அடியோடு விரட்டுவது கடினம். தட்டில் விழும் நஞ்சைத் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஃபுளோரைடு தண்ணீரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பது. மேலே சொன்ன மாதிரி டிஎன்ஏவில் ஒட்டும் வகை அது இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த வீட்டில் அந்தத் தொல்லை குறையும். கடலை நஞ்சுக்கும் குடிநீருக்கும் தொடர்பில்லை. அதேசமயம் பீடி, சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீன், மெல்லும் புகையிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் ஆகியவை பி1ஐப் போலவே உடம்பு நொதிகளால் ஒட்டும் பொருளாக மாறி டிஎன்ஏவைப் பிடிப்பவை. பிடிக்கும் உறுப்பு வேறு, வழி ஒன்று. வீட்டுக்காரருக்குப் பீடிப் பழக்கம் இருந்தால் அதுவும், மது இருந்தால் முதலில் அதுவும் நிற்க வேண்டும். இதே ஒட்டும் குணத்தை வைத்தே மருந்தும் செய்திருக்கிறார்கள். 1978லிருந்து புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டின் பிடிப்பதும் குவானினின் அதே ஏழாம் நைட்ரஜனைத்தான். வேகமாகப் பிரியும் கட்டிச் செல்களைப் பிரியவிடாமல் கொல்வதற்காக, அளந்து, மருத்துவர் மேற்பார்வையில் ஏற்றுகிறார்கள். கடலையில் வருவதற்கு அளவும் இல்லை, மேற்பார்வையும் இல்லை.

இனி மாமியார் சொன்ன வறுவல். அவர்மேல் தப்பில்லை. பூசணத்தை வறுவல் கொல்லும் என்பது உண்மைதான். பூசணம் சாகும், அது ஏற்கெனவே கக்கிவைத்த நஞ்சு சாகாது. பி1 சிதைய 260 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மணலில் வறுக்கும்போது பருப்பின் உள்ளே அவ்வளவு ஏறினால் கடலை கரியாகிவிடும். நல்ல வறுவலில் நஞ்சு ஒரு பங்கு குறையும், மீதி நிற்கும். வேகவைப்பதில் அதுவும் இல்லை. வெயிலில் காயவைப்பது புதிதாகப் பூசணம் வளராமல் தடுக்கும், வந்த நஞ்சை எடுக்காது. கழுவி, துடைத்து, தோல் நீக்கிப் பார்க்க நன்றாக ஆக்கிய பருப்பு இன்னும் ஆபத்து. அடையாளத்தை அழித்துவிட்டு நஞ்சை மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி.

செக்கில் ஆட்டினால்? 100 கிலோ பருப்பில் 40 கிலோவுக்கு மேல் எண்ணெய் வந்துவிடும். நஞ்சில் பெரும்பங்கு எண்ணெயோடு போகாது, பிண்ணாக்கில் நின்றுவிடும். எண்ணெய் போய் எடை குறைந்ததால் பிண்ணாக்கில் அதன் செறிவு பருப்பில் இருந்ததைவிட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காகிவிடும். எண்ணெயிலும் சுத்தமாக இல்லாமல் போவதில்லை. ஆலையில் காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது நீங்கும் நஞ்சு, செக்கெண்ணெயில் மிதக்கும் நுண்துகளோடு வந்து சேரும். தெளிந்த எண்ணெயை வெயிலில் வைத்தால் இந்த நஞ்சு சிதைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செக்கெண்ணெயை வெயிலில் வைக்கும் பழைய வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் அது நல்ல கடலையில் தப்பித்தவறி வந்ததற்கான கூடுதல் காப்பு. பச்சை பூத்த ஆறு மூட்டையை ஆட்டி வெயிலில் வைத்தால் சரியாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வீட்டில் காஸ்டிக் சோடா ஊற்றிச் சுத்திகரிக்கப் பார்க்கவே கூடாது.

மாட்டுக்கு வைப்பதைப் பற்றிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிண்ணாக்கில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கிறது என்று வையுங்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மாடு நாளைக்கு 2 கிலோ தின்றால் 400 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு உருமாறி எம்1 என்ற பெயரில் பாலில் இறங்கும், நன்றாகக் கறக்கும் மாட்டில் இன்னும் கூடும். 2 பங்கு என்று வைத்தால் 8 மைக்ரோகிராம். 10 லிட்டர் பாலுக்கு லிட்டருக்கு 0.8. நம் நாட்டில் பாலுக்கு உள்ள வரம்பு கிலோவுக்கு 0.5. உங்கள் ஆறு மூட்டையின் பிண்ணாக்கில் 200ஐவிடப் பல மடங்கு இருக்க வாய்ப்புண்டு. பாலைக் காய்ச்சினாலும் தயிராக்கினாலும் எம்1 போகாது. அந்தப் பால் உங்கள் பிள்ளைகளுக்கே திரும்பி வரும், கூட்டுறவுச் சங்கக் கேனில் ஊர்ப் பாலோடும் கலக்கும். ஏற்கெனவே வைத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். மூன்று நான்கு நாளில் பால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதுவரை கறந்ததைக் குடிக்கவோ சங்கத்துக்கு ஊற்றவோ வேண்டாம். மாடு தீனி குறைத்தாலோ பால் இறங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டி, நஞ்சைக் குடலிலேயே பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும் களிமண் வகைக் கலவை தேவையா என்று கேளுங்கள். பொறுக்கிப்போட்ட சொத்தையைக் கோழிக்கு வீசாதீர்கள். கோழிக்குஞ்சும் வாத்தும் மாட்டைவிடச் சீக்கிரம் சாகும்.

ஆகவே ஆறு மூட்டையும் உணவுக்கும் தீவனத்துக்கும் ஆகாது. வியாபாரிக்கும் கொடுக்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். பாதி விலைக்கு வாங்குபவர் அதை எரிக்க வாங்குவதில்லை, நல்ல மூட்டைகளோடு கலக்கத்தான் வாங்குகிறார். கலந்தால் என்ன ஆகும் தெரியுமா? நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவி இருப்பதில்லை, சில பருப்பில் மட்டும் குவிந்திருக்கும். தனிப் பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற அளவுவரை கண்டிருக்கிறார்கள். அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரே ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம். அதை 50 கிலோ மூட்டையில் அரைத்துக் கலந்தால் மூட்டை முழுதும் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் ஆகிவிடும். அப்படியே தின்னும் கடலைக்கு நம் நாட்டு வரம்பே 10தான், மேற்கொண்டு பக்குவப்படுத்தப் போகும் கடலைக்கு 15. ஒரு பருப்பு ஒரு மூட்டையை வரம்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஐரோப்பிய நாடுகளில் நேரடியாக உண்ணும் கடலைக்கு வரம்பு 4. நம் ஊர்க் கடலை வெளிநாட்டிலிருந்து திரும்பி வருவது இப்படிப்பட்ட கலப்பாலும்தான்.

அந்த மூட்டைகளை என்ன செய்வது? எரித்தால் புகையும் தூசியும் வரும். மாமரமோ தென்னையோ இருந்தால் அதைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி, உடைத்துப் போட்டுச் சாணத்தோடு மண் மூடிவிடுங்கள். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் நஞ்சைப் படிப்படியாகச் சிதைத்துவிடும், மரத்துக்கு உரமும் ஆகும். கடலை, மக்காச்சோளம் போடும் நிலத்தில் மட்டும் வேண்டாம். அந்தப் பூசணம் அங்கேயே குடியேறி அடுத்த வெள்ளாமைக்குக் காத்திருக்கும். அள்ளும்போது மூக்கையும் வாயையும் மாஸ்க் போட்டு மறையுங்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள், காற்றுக்கு எதிரே நின்று தூற்றாதீர்கள். காலிச் சாக்கில் நல்ல கடலையைக் கட்டாதீர்கள். விதைக்கென்றும் எடுத்து வைக்க வேண்டாம்.

மீதி 8 மூட்டைக்குத்தான் உங்கள் உழைப்பு தேவை. அவையும் அதே அம்பாரத்தில் இருந்தவை, ஆகவே நல்லவை என்று எடுத்துக்கொள்ள முடியாது, காப்பாற்றக் கூடியவை என்று சொல்லலாம். முதலில் மறுபடி மெல்லிசாகப் பரப்பிக் காய விடுங்கள். காயில் ஈரம் நூற்றுக்கு 8க்கு மேல் இருக்கக் கூடாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரமானி இருந்தால் அளந்து வாருங்கள். இல்லையென்றால் ஒரு சாக்கை அடையாளம் வைத்துத் தினமும் எடை போடுங்கள், இரண்டு வெயிலுக்கு எடை இறங்காமல் நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். காதருகே ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும், தோல் தேய்த்தால் உரிய வேண்டும்.

உடைக்கும்போது தண்ணீர் தெளிக்காதீர்கள். பருப்பு நொறுங்காமல் வரும், எடையும் கூடும் என்று பல இடங்களில் தெளிக்கிறார்கள். காய்ந்துபோய் அடங்கியிருந்த பூசணத்துக்கு அது மறுஉயிர். வீட்டுக்கு வேண்டியதைக் கையால் உடைத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, பகல் வெளிச்சத்தில் பொறுக்குங்கள். சுருங்கியது, முளைவிட்டது, தோல் கருத்தது, தோல் உரிந்து நிறம் மாறியது, புழுத் துளையிட்டது, பிளந்தது எல்லாம் வெளியே. இந்தப் பொறுக்கல்தான் இருப்பதிலேயே பலமான மருந்து. நஞ்சு சில பருப்பில் குவிவது மூட்டைக்குக் கேடு என்றேன் அல்லவா, அதே குணம் பொறுக்குகிறவருக்கு அனுகூலம். அந்தச் சிலவற்றை எடுத்துவிட்டால் மூட்டையின் நஞ்சில் பெரும்பகுதி போய்விடும். தின்னும்போதும் பருப்பை இரண்டாகப் பிளந்து நடுப்பள்ளத்தைப் பாருங்கள், வெளியே நன்றாக இருந்து உள்ளே பச்சையாக இருப்பதுண்டு. கசக்கும் கடலையைத் துப்பச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள், வெட்கப்பட்டு விழுங்கிவிடுவார்கள். நஞ்சுக்கென்று தனிச் சுவை கிடையாது. ஆனால் பூசணம் தின்ற பருப்பு பெரும்பாலும் கசக்கும். கசக்காததால் நல்லது என்று ஆகிவிடாது. புற ஊதா ஒளியில் நஞ்சுள்ள பருப்பு ஒளிரும் என்கிறார்களே, அந்த விளக்கு வாங்கிப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நஞ்சு இருந்தும் ஒளிராத பருப்பு உண்டு, வேறு பொருளால் ஒளிரும் பருப்பும் உண்டு. அதை நம்பிப் பயனில்லை.

விற்கப்போகும் கடலையைச் சோதித்துவிட்டால் வியாபாரியிடம் நிமிர்ந்து பேசலாம். சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. எப்படிக் கொடுப்பது என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். ஒரே மூட்டையின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. எட்டு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து மொத்தம் 5 கிலோவாவது சேர்த்து, அதை முழுதும் அரைத்துக் கலக்கிய பிறகு எடுக்கும் மாதிரியே பேசும்.

அடுத்த ஆண்டுக்குச் சில வார்த்தை. பூசணம் களத்தில் மட்டும் பிறப்பதில்லை, பல நேரம் மண்ணிலேயே காய்க்குள் நுழைந்துவிடும். கடைசி ஒரு மாதம் மழை பொய்த்து மண் சூடேறினால் காய் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தியை இழக்கும். பண்ணைக்குட்டையோ கிணறோ இருந்தால் அந்த மாதத்தில் ஒரு தண்ணீர் கொடுப்பது பெரிய காப்பு. 40 முதல் 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால் ஓடு கெட்டியாகும். பத்துக் காயை உடைத்துப் பார்த்து ஏழெட்டில் ஓட்டின் உட்புறம் கருத்திருந்தால் பிடுங்கிவிடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்று தள்ளிப் போடும் ஒவ்வொரு நாளும் ஓடு நைந்து போகும். வாடிய திட்டுகளையும் வரப்போரச் செடிகளையும் தனியாகப் பிடுங்கித் தனியாகக் கட்டுங்கள்.

பிடுங்கிய கொடியைக் கவிழ்த்து, காய் மேலே வெயில் பார்க்கும்படி வையுங்கள். பச்சைக் காயில் ஈரம் நூற்றுக்கு 40 பங்கு இருந்தால், 100 கிலோ காய்ந்து 65 கிலோ ஆக வேண்டும். அந்த 35 கிலோ தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாயைப் போர்த்தினால் அந்தத் தண்ணீர் உள்ளேயே வியர்த்து, காயின் மூச்சுச் சூட்டோடு சேர்ந்து, பூசணத்துக்குத் தொட்டில் ஆகிவிடும். இந்த வருடம் உங்களுக்கு நடந்தது அதுதான். மழை பிடித்தால் தார்ப்பாயைப் பந்தல் மாதிரி உயர்த்திக் கட்டி, பக்கம் திறந்து விட்டு, அடியில் இரண்டு மூன்று விரல்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு மணிக்கு ஒரு தடவை கிளறுங்கள். வீட்டுத் திண்ணையில் ஒரு மின்விசிறி போட்டால்கூட தார்ப்பாய்ப் போர்வையைவிட மேல். பயிர்க் காப்பீடு செய்திருந்தால், பிடுங்கிக் காயப் போட்டிருக்கும் பயிருக்கு 14 நாள்வரை பருவம் தப்பிய மழைச் சேதத்துக்கு இழப்பீடு கோரலாம். ஆனால் சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டியது. வீட்டுக்காரரை, இரத்ததானத்தில் கொடுத்த சீட்டோடு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 2018லிருந்து மத்திய அரசின் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஈரல் நொதிகள், கிருமியின் அளவு, வயிற்று ஸ்கேன் மூன்றையும் பார்த்து மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆனால் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஈரல் இறுகியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம். ஈரலைச் சுத்தம் செய்யும் பொடி, லேகியம் என்று யார் கொடுத்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். சிலது இருக்கிற ஈரலையும் கெடுக்கும்.

நீங்களும் பிள்ளைகளும் அதே நாளில் இரத்தம் கொடுத்து இந்தக் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள். பிறந்த அன்றும், பிறகு ஐந்து நோய்த் தடுப்பூசியோடு 6, 10, 14 வாரங்களிலும் பி தடுப்பு மருந்து ஏறியிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இப்போதும் போடலாம். உங்களுக்குக் கிருமி இல்லை, ஊசியும் போட்டதில்லை என்றால் மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அவருடைய சவர பிளேடையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் தனியாக வையுங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பிள்ளைகளை அவர் தூக்கிக் கொஞ்சுவதாலோ இது பரவாது. அதை மாமியாரிடமும் சொல்லிவிடுங்கள்.